மருந்துக் காப்புரிமை உதவியதா, கெடுத்ததா? நீங்களே பிரித்துப் பார்க்க ஒரு வழி

காப்புரிமை ஆவணங்களைப் படிப்பதுதான் என் பிழைப்பு. முதல் ஒன்பது வருடம் ஜெனரிக் மருந்து, அதாவது காப்புரிமை முடிந்த மருந்தின் மலிவான நகல், தயாரிக்கும் ஒரு நிறுவனத்துக்காகப் படித்தேன். இப்போது தனியாக உட்கார்ந்து, கேட்பவர்களுக்குத் தேடிக் கொடுக்கிறேன். ஒரு மருந்தின் பெயரைச் சொல்வார்கள். அதைச் சுற்றி எத்தனை காப்புரிமை வேலி இருக்கிறது, எது எப்போது விழும் என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

வேலையைச் சொன்னதும் எதிரில் இருப்பவர் கேட்கும் கேள்வி மட்டும் மாறுவதே இல்லை. "காப்புரிமை இருப்பதால்தான் புது மருந்து வருகிறதா, இல்லை அதனாலேயே வராமல் போகிறதா?"

பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்புதான். ஆனால் ஒரு மருந்துக்கு ஒரு காப்புரிமை என்ற நினைப்பில் கேட்கப்படும் கேள்வி அது. உண்மையில் ஒரு மாத்திரைக்குப் பத்து இருக்கும், இருபது இருக்கும். சிலவற்றுக்கு நூறைத் தாண்டும். அதில் முதலாவது செய்த காரியம் வேறு, பதினேழாவது செய்யும் காரியம் வேறு. ஆகவே என்னிடம் வேலை பழக வருகிறவர்களிடம் நான் சொல்வது: ஒரு மருந்தை எடு, அதன் காப்புரிமைகளை ஒவ்வொன்றாகப் பிரி, அப்புறம் பேசு.

எப்படிப் பிரிப்பது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். சட்டம் படித்திருக்கத் தேவையில்லை. ஒரு விடுமுறை நாள் மதியம், இணையம், பெரிய வெள்ளைத்தாள் ஒன்று, பென்சில். பேனா வேண்டாம். தேதிகளை நிச்சயம் அழித்து எழுதுவீர்கள்.

பழகுவதற்கு பெடாகுலின் நல்ல மருந்து. மற்ற மருந்துகளுக்கு மசியாத காசநோய்க்குக் கொடுப்பது. ஏறக்குறைய 40 வருட இடைவெளிக்குப் பிறகு வந்த, முற்றிலும் புதிய வகைக் காசநோய் மருந்து. அதன் கதையில் இரண்டு பக்கத்துக்கும் தீனி இருக்கிறது.

பெயரில் மாட்டிக்கொள்ளாதீர்கள்

மருந்தின் பெயரைத் தேடுபெட்டியில் போட்டால் ஆயிரக்கணக்கில் வந்து கொட்டும், வேண்டியது மட்டும் வராது. ஏனென்றால் மூலக்கூறுக்குக் காப்புரிமை கேட்கும் நாளில் அதற்குப் பெயரே வைத்திருக்க மாட்டார்கள். ரத்தப் புற்றுநோய்க்கான இமாட்டினிபின் மூல அமெரிக்கக் காப்புரிமைக்குத் தலைப்பு, 'பைரிமிடின் வழிப்பொருள்களும் அவற்றைத் தயாரிக்கும் முறைகளும்' என்ற பொருளில்தான் இருக்கும். உலகத்தையே திரும்பிப் பார்க்கவைத்த மருந்து என்று அதைப் பார்த்து யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆகவே பெயரையும் காப்புரிமை எண்ணையும் யாரோ ஏற்கெனவே முடிச்சுப் போட்டு வைத்திருக்கும் பட்டியலில் ஆரம்பியுங்கள். மருந்துகளுக்கு விற்பனை அனுமதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்.டி.ஏ. வெளியிடும் 'ஆரஞ்சு புக்' அப்படி ஒன்று. உயிருள்ள செல்களிலிருந்து உருவாக்கும் உயிரியல் மருந்துகளுக்கு 'பர்ப்பிள் புக்'. வருமானம் குறைந்த, நடுத்தர நாடுகளின் நிலவரத்துக்கு மெடிசின்ஸ் பேட்டன்ட் பூல் என்ற அமைப்பு நடத்தும் 'மெட்ஸ்பால்'. எல்லாமே இலவசம். பிராண்டுப் பெயரை விட மூலப்பெயரைப் போட்டுத் தேடுவது நல்லது, பிராண்டு நாட்டுக்கு நாடு மாறும். எண் கிடைத்ததும் ஐரோப்பியக் காப்புரிமை அலுவலகத்தின் 'எஸ்பாஸ்நெட்' தளத்தில் போடுங்கள். முழு ஆவணமும் அதன் குடும்பமும் வரும். ஒரே கண்டுபிடிப்புக்கு நாடு நாடாகப் போட்ட விண்ணப்பங்களைத்தான் நாங்கள் குடும்பம் என்போம்.

எண்ணின் வாலைக் கவனியுங்கள். 'ஏ1' என்று முடிந்தால் அது வெறும் விண்ணப்பம். 'பி1', 'பி2' என்றால் வழங்கப்பட்டது. வேலையில் சேர்ந்த இரண்டாவது வருடம் நான் இதில் வசமாக மாட்டினேன். ஒரு மருந்தைச் சுற்றிப் பதினொரு ஆவணம் கிடைத்தது, "இதைத் தொடவே முடியாது" என்று அறிக்கை கொடுத்துவிட்டேன். மேலாளர் திட்டவில்லை. என் அறிக்கையை என் மேசையிலேயே திரும்ப வைத்துவிட்டுப் போனார். ஏழு எண்களின் வாலில் இருந்த 'ஏ' எழுத்துகளைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வழங்கப்பட்டவை நான்கே நான்கு. 2001-க்கு முந்தைய அமெரிக்க ஆவணங்கள் மட்டும் விதிவிலக்கு. அவற்றில் வெறும் 'ஏ' என்றிருந்தால் அது வழங்கப்பட்டதுதான். இன்னொன்று, 'டபிள்யூ.ஓ.' என்று தொடங்கும் எண் எப்போதுமே விண்ணப்பம்தான். உலகம் முழுவதுக்கும் செல்லும் காப்புரிமை என்று ஒன்று கிடையாது. செய்திகளில் 'சர்வதேசக் காப்புரிமை பெற்ற' என்று படித்தால், எழுதியவர் வாலைப் பார்க்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

ஒரு கோடு, நான்கு புள்ளி

தாளின் குறுக்கே ஒரு கோடு போடுங்கள். விண்ணப்பித்த நாள், மனிதர்களுக்கு முதலில் கொடுத்துப் பார்த்த காலம், விற்பனை அனுமதி கிடைத்த நாள், காப்புரிமை முடியும் நாள். இந்த நான்கையும் குறியுங்கள். 1995-ல் நடைமுறைக்கு வந்த, உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தத்தின்படி காப்புரிமையின் ஆயுள் 20 வருடம். அந்த 20 எண்ணப்படுவது மருந்துக்கடைக்கு வந்த நாளிலிருந்து அல்ல, விண்ணப்பித்த நாளிலிருந்து.

பெடாகுலினின் மூலக்கூறு காப்புரிமை 2003 ஜூலையில் தொடங்கி, இந்தியா உட்படப் பல நாடுகளில் 2023 ஜூலையில் முடிந்தது. அமெரிக்க அனுமதி கிடைத்தது 2012 டிசம்பரில். ஆக 20-ல் ஒன்பதரை வருடம் சோதனையிலேயே போய்விட்டது, விற்கக் கிடைத்தது பத்தரை. பெரும்பாலான மருந்துகளுக்குக் கோடு இப்படித்தான் வரும். போன நாளுக்கு ஈடாக அமெரிக்காவில் 5 வருடம் வரை நீட்டிப்பு உண்டு, ஆனால் அனுமதி கிடைத்த நாளிலிருந்து மொத்தம் 14-ஐத் தாண்டக் கூடாது. ஐரோப்பாவிலும் 5 வருடம் வரை துணைச் சான்றிதழ் கொடுக்கிறார்கள்.

இந்தக் கோட்டை வெறும் கணக்காகப் பார்க்காதீர்கள். எந்த ஆராய்ச்சி நடக்கும், எது நடக்காது என்பதையே அது முடிவு செய்கிறது. முற்றிய புற்றுநோய்க்கான மருந்து வேலை செய்கிறதா என்று இரண்டு மூன்று வருடத்தில் தெரிந்துவிடும், சொல்லச் சங்கடமாக இருந்தாலும் உண்மை அதுதான். ஆரம்பக்கட்டப் புற்றுநோய்க்கோ, வராமல் தடுப்பதற்கோ மருந்து என்றால் பத்து, பதினைந்து வருடம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். கடிகாரம் விண்ணப்பித்த நாளிலேயே ஓட ஆரம்பித்துவிடுவதால், இரண்டாவது வகை மருந்து தயாராகும்போது காப்புரிமை கடைசி மூச்சை விட்டுக்கொண்டிருக்கும். எரிக் புடிஷ், பெஞ்சமின் ரோயின், ஹைடி வில்லியம்ஸ் ஆகியோர் 2015-ல் வெளியிட்ட ஆய்வு, புற்றுநோய் மருந்துச் சோதனைகளில் இந்தச் சாய்வு நிஜமாகவே இருப்பதைக் காட்டியது. காப்புரிமை ஊக்கம் கொடுக்கிறது, ஆனால் எந்தப் பக்கம் பார்த்து என்று கேட்க வேண்டும். பதில் உங்கள் கோட்டில் இருக்கும்.

குவியல் பிரிப்பது

இதுதான் வேலையின் நடுத்தண்டு. ஆரஞ்சு புக்கில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் சில கட்டங்கள் இருக்கும்: மருந்துப் பொருள், கைக்கு வரும் மருந்து வடிவம், பயன்பாட்டுக் குறியீடு. அதை வைத்துத் தாளில் மூன்று குவியல் போடுங்கள். முதலாவதில் மூலக்கூறு. இரண்டாவதில் அதன் உருவங்கள்: உப்பு, படிகம், மெதுவாகக் கரையும் மாத்திரை, ஊசிப் பேனா. மூன்றாவதில் பயன்பாடு, அதாவது எந்த நோய்க்கு, எந்த அளவில். தயாரிப்பு முறைக்கான காப்புரிமைகள் ஆரஞ்சு புக்கில் வராது, அவற்றைக் குடும்பம் குடும்பமாகத் தேட வேண்டும். முதல் தடவை விட்டுவிடுங்கள்.

முதல் குவியலில் காப்புரிமைக்கு ஆதரவான வாதம் பலமாகவே நிற்கிறது, அதை மறுக்க நான் மெனக்கெட மாட்டேன். மருந்து விசித்திரமான சரக்கு. கண்டுபிடிக்க மலையளவு செலவு, காப்பியடிக்கக் கடுகளவு. மாத்திரையை வாங்கி ஆய்வகத்தில் கொடுத்தால் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுவார்கள். பொருளாதார அறிஞர் எட்வின் மான்ஸ்ஃபீல்ட் 1986-ல் வெளியிட்ட ஆய்வில் அமெரிக்க நிறுவனங்களிடம், காப்புரிமை இல்லாவிட்டால் உங்கள் கண்டுபிடிப்புகளில் எத்தனை உருவாகியிருக்காது என்று கேட்டார். மருந்துத் துறை சொன்னது 60 சதவீதம். அலுவலகக் கருவி செய்பவர்கள் சொன்னது பூஜ்யம். வேலி போட்டுக்கொண்டவனிடமே வேலி வேண்டுமா என்று கேட்டால் வேறென்ன சொல்வான் என்பீர்கள். சரி. ஆனால் எல்லாத் துறையும் அப்படிச் சொல்லவில்லையே, அந்த வித்தியாசம்தான் எனக்கு முக்கியம்.

இரண்டாவது குவியலுக்கு வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்ளுங்கள். 2005 முதல் 2015 வரை அமெரிக்காவில் புதிதாகக் காப்புரிமை சேர்க்கப்பட்ட மருந்துகளில் 78 சதவீதம் ஏற்கெனவே சந்தையில் இருந்தவை என்று சட்டப் பேராசிரியர் ராபின் ஃபெல்ட்மன் கணக்கிட்டார். நெஞ்செரிச்சலுக்கான ஒமெப்ரசோலைப் பாருங்கள். அது வலக்கை, இடக்கை போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு மூலக்கூறுகளின் கலவை. காப்புரிமை முடியப்போகும் நேரத்தில் அதில் ஒரு கையை மட்டும் பிரித்து எசோமெப்ரசோல் என்று புதுக் காப்புரிமையோடு 2001-ல் அமெரிக்காவில் கொண்டுவந்தார்கள். பெரிதாக ஒப்பிட்டுக் காட்டிய சோதனைகளில் புதியதற்கு 40 மில்லிகிராம், பழையதற்கு 20. அளவை இரட்டிப்பாக்கினால் எந்தக் கையும் கொஞ்சம் கூடுதலாகத்தான் வேலை செய்யும்.

இந்த மாதிரிக் காப்புரிமையைச் சோதிக்க ஒரு நல்ல சல்லடையை இந்தியச் சட்டம் வைத்திருக்கிறது: பிரிவு 3(டி). தெரிந்த பொருளின் புது உருவம் என்றால், நோயைக் குணப்படுத்தும் திறன் கூடியிருக்க வேண்டும். இமாட்டினிபின் உப்பு ஒன்றின் பீட்டா படிகத்துக்கு நோவார்ட்டிஸ் நிறுவனம் கேட்ட காப்புரிமையை 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் மறுத்தது இந்தப் பிரிவில்தான். அந்த உருவம் உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்று வாதிட்டார்கள். கூடுதலாகச் சேர்ந்தால் கூடுதலாகக் குணமாகிறதா, அதைக் காட்டுங்கள் என்றது நீதிமன்றம். நீங்கள் எந்த நாட்டு மருந்தைப் பார்த்தாலும் இரண்டாவது குவியலின் ஒவ்வொரு தாளிடமும் இதே கேள்வியைக் கேளுங்கள். பக்கத்தில் 'ஆம்', 'இல்லை' என்று பென்சிலால் எழுதுங்கள். எல்லாமே 'இல்லை' ஆகிவிடாது. தினம் நான்கு வேளை போட்ட மாத்திரையை ஒரு வேளையாக்குவது நோயாளிக்குப் பெரிய விஷயம்.

மூன்றாவது குவியல்தான் என்னைக் குழப்புவது. ஜெரோம் ஹோர்விட்ஸ் 1964-ல் புற்றுநோய்க்கென ஒரு மூலக்கூறு செய்தார். பலிக்கவில்லை, காப்புரிமை கூட எடுக்காமல் விட்டுவிட்டார். இருபது வருடம் கழித்து பரோஸ் வெல்கம் நிறுவனம் அதை எடுத்தது. அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் எய்ட்ஸ் வைரஸ் மீது சோதித்து, வேலை செய்கிறது என்று காட்டினார்கள். 1987 மார்ச்சில் அனுமதி. அதுதான் ஏ.இசட்.டி. மூலக்கூறு பழையது, ஆகவே பயன்பாட்டுக்கு நிறுவனம் காப்புரிமை வாங்கியது. அரசு விஞ்ஞானிகளும் சேர்ந்துதானே கண்டுபிடித்தார்கள் என்று ஜெனரிக் நிறுவனங்கள் வழக்குப் போட்டன. 1994-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறில் ஐந்து காப்புரிமைகளை நிறுவனத்தின் பக்கமே உறுதி செய்தது. அந்தக் காப்புரிமை இல்லாமல் ஒரு நிறுவனம் தூசி தட்டி எடுத்திருக்குமா? எடுத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன். அவ்வளவு விலைக்கு விற்றிருக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. இரண்டையும் தாளில் தனித்தனி வரியில் எழுதுங்கள்.

கிளெய்மைக் கடைசியிலிருந்து படியுங்கள்

ஆவணத்தின் கடைசிப் பகுதியில் எண்ணிட்ட வாக்கியங்கள் இருக்கும். அவைதான் கிளெய்ம், வேலி அங்கேதான். மற்றதெல்லாம் விளக்கம். முதல் கிளெய்ம் கடலளவு அகலமாக இருக்கும், போகப் போகக் குறுகும்.

காப்புரிமை என்பது கொடுக்கல் வாங்கல்: ரகசியத்தை ஊருக்குச் சொல், 20 வருடம் உனக்கு மட்டும். ஆகவே புதுமைக்கு உதவியதா என்று பார்க்க, உண்மையிலேயே சொன்னார்களா என்று பார்க்க வேண்டும். கனடாவில் சில்டெனாஃபில், அதாவது வயாகரா வழக்கை இதற்காகவே எல்லோருக்கும் காட்டுவேன். முதல் கிளெய்முக்குள் அடங்கிய சேர்மங்களின் எண்ணிக்கை, 26 எழுதிப் பின்னால் 19 சைபர் போட்டால் வருவது. ஆறாவது கிளெய்மில் ஒரே ஒரு சேர்மம், ஏழாவதிலும் ஒரே ஒன்று. வேலை செய்தது இரண்டில் ஏழாவது மட்டும்தான், நிறுவனத்துக்கு அது தெரியும். ஆவணத்தில் சொல்லவில்லை. படிக்கிற வேதியியலாளர் இரண்டையும் செய்து, சோதித்துத் தானே கண்டுபிடிக்க வேண்டும். 2012 நவம்பரில் கனடா உச்ச நீதிமன்றம், பேரத்தில் உன் பங்கை நீ கொடுக்கவில்லை என்று நிறுவனத்துக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

நீங்கள் செய்ய வேண்டியது: கடைசிக் கிளெய்ம்களுக்குப் போங்கள். அங்கே தனியாகப் பெயர் சொல்லப்படும் சேர்மங்கள் எவை என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு நடுவில் இருக்கும் 'எடுத்துக்காட்டு' பகுதியில் அவற்றுக்குச் சோதனை எண்கள் கொடுத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எண் இருந்தால் அந்தக் காப்புரிமை அடுத்த ஆராய்ச்சியாளருக்கு ஏதோ கற்றுக்கொடுத்திருக்கிறது. 'சிறந்த செயல்திறன் காணப்பட்டது' என்று மட்டும் இருந்தால், ஊருக்குச் சொல்லாமல் வேலியை மட்டும் வாங்கியிருக்கிறார்கள். என்னோடு வேலை பழகிய ஒரு பெண் ஒருநாள் அறுபது பக்கத்தைப் புரட்டிவிட்டு, "அக்கா, இதில் எல்லாமே விரும்பத்தக்கது, மேலும் விரும்பத்தக்கது என்றுதான் இருக்கிறது, எது மருந்து?" என்றாள். அந்தக் கேள்வியை அப்படியே அறிக்கையில் எழுதச் சொன்னேன்.

யார் பணம்

இதில் நேரம் அதிகம் செலவழிக்காதீர்கள், முடிவே இல்லாத சண்டை. ஒரு புது மருந்துக்கு ஆகும் செலவு 260 கோடி டாலர் என்று டஃப்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வு 2016-ல் சொன்னது. அதில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு கையிலிருந்து போன பணமே இல்லை, பணம் அத்தனை வருடம் முடங்கிக் கிடந்ததற்கான கணக்கு. 2020-ல் வந்த இன்னொரு ஆய்வு, பட்டியலின் நடு மதிப்பு 98.5 கோடி டாலர் என்றது. இன்னொரு பக்கம், 2010 முதல் 2016 வரை அமெரிக்காவில் அனுமதி பெற்ற 210 புது மருந்துகளில் ஒவ்வொன்றின் பின்னாலும் அந்நாட்டு தேசிய சுகாதார நிறுவனத்தின் நிதியில் நடந்த ஆராய்ச்சி இருந்தது. அதில் 90 சதவீதத்துக்கு மேல் மருந்து உடலில் குறிவைக்கும் இலக்குகள் பற்றிய அடிப்படை ஆராய்ச்சி, மருந்தைப் பற்றியது அல்ல. எந்த எண்ணைக் காட்டினாலும் மற்ற எண்ணையும் பக்கத்தில் எழுதுங்கள், போதும்.

செய்யாத குற்றத்தைச் சுமத்தாதீர்கள்

விலை ஏறினால் காப்புரிமை மேல் பாய்வது வழக்கம். பைரிமெத்தமின் 1953-லிருந்து இருக்கும், ஒட்டுண்ணித் தொற்றுக்கான மருந்து. 2015-ல் அமெரிக்காவில் அதன் ஒரு மாத்திரை 13.50 டாலரிலிருந்து 750 டாலருக்கு ஏறியது. காப்புரிமை எதுவும் உயிரோடு இல்லை. செய்பவர் ஒருவர் மட்டும், விநியோகமும் அவர் பிடியில், அவ்வளவுதான். கோல்ச்சிசின் இன்னும் பழையது, கீல்வாதத்துக்கு நூற்றாண்டுகளாகக் கொடுத்துவந்தது. 2009-ல் ஒரு நிறுவனம் முறைப்படி சோதனை செய்து அனுமதி வாங்கியது, அதற்கு எஃப்.டி.ஏ. தனி விற்பனை உரிமை கொடுத்தது. 9 சென்ட் மாத்திரை 4.85 டாலர் ஆனது. ஆரஞ்சு புக்கில் 'எக்ஸ்க்ளூசிவிட்டி' என்று தனிப் பட்டியல் இருக்கும். அது காப்புரிமை அல்ல, அரசு தனியாகக் கொடுக்கும் விற்பனை உரிமை. அமெரிக்காவில் புது மூலக்கூறுக்கு 5 வருடம், அரிய நோய் மருந்துக்கு 7. தாளில் அதை வேறு நிறத்தில் குறியுங்கள்.

ஒரே மருந்து, இரண்டு இடம்

என்னிடம் இருக்கும் ஒரே மாயக்கண்ணாடி இதுதான். ஒரு மருந்தை இரண்டு இடங்களில் ஒப்பிடுங்கள். அறிவியல் ஒன்று, நோய் ஒன்று, வேலி மட்டும் வேறு.

மூட்டழற்சி முதலியவற்றுக்கான அடாலிமுமாப், ஹியூமிரா என்ற பெயரில், 2002 கடைசி நாளில் அமெரிக்க அனுமதி பெற்றது. மூலக் காப்புரிமை அங்கே 2016-ல் முடிந்தது. ஆனால் சுற்றிலும் நூற்றுக்கு மேற்பட்ட காப்புரிமைகள், பெரும்பாலானவை மருந்து சந்தைக்கு வந்த பிறகு விண்ணப்பித்தவை. ஐரோப்பாவில் போட்டி மருந்துகள் 2018 அக்டோபரில் கடைக்கு வந்தன. அமெரிக்காவில், வழக்குகளும் சமரசங்களும் முடிந்து, 2023 ஜனவரியில். இரண்டு தேதிக்கும் நடுவே நான்கு வருடத்துக்கு மேல். அந்த நான்கு வருடத்தில் அமெரிக்க நோயாளிக்கு மட்டும் கிடைத்த புதுமை என்ன என்று தாளில் ஒரு கட்டம் போட்டு நிரப்பப் பாருங்கள். நான் பார்த்தேன். கட்டம் பெரிதாக இருந்தது, எழுத அதிகம் இல்லை.

தாளில் இல்லாததைத் தேடுங்கள்

இருக்கும் மருந்துகளை மட்டும் பார்த்தால் பாதிக் கதைதான். செட்சி ஈக்கடியால் பரவும் தூக்க நோய்க்கான ஃபெக்ஸினிடசோலை ஹோக்ஸ்ட் நிறுவனம் பல பத்தாண்டுகளுக்கு முன்பே கண்டுபிடித்து, கைவிட்டது. நோயாளிகள் ஆப்பிரிக்கக் கிராமங்களில், கையில் காசில்லாதவர்கள். வாங்க ஆளில்லாத சந்தையில் 20 வருடத் தனியுரிமையை வைத்து என்ன செய்வது? 2005-ல் டி.என்.டி.ஐ. என்ற லாபநோக்கற்ற அமைப்பு பழைய கோப்புகளில் அதை மீண்டும் கண்டெடுத்தது, சனோஃபியோடு சேர்ந்து சோதித்து, 2018-ல் ஐரோப்பிய ஒழுங்குமுறை அமைப்பின் ஒப்புதலையும் பெற்றது.

ஆன்டிபயாட்டிக் வேறு மாதிரி. காசு இருக்கிறவர்களுக்கும் வரும் நோய்தான், ஆனால் நல்ல புது ஆன்டிபயாட்டிக் என்றால் மருத்துவர் அதைப் பூட்டி வைப்பார், கிருமி பழகிவிடக் கூடாதே. விற்கவே கூடாத பொருளுக்குத் தனி விற்பனை உரிமை! அக்காவோஜென் என்ற நிறுவனம் பிளாசோமைசினுக்கு 2018 ஜூனில் அனுமதி பெற்றது, 2019 ஏப்ரலில் திவாலானது. அதனால்தான் இங்கிலாந்து 2022-லிருந்து இரண்டு ஆன்டிபயாட்டிக்குகளுக்கு, எத்தனை குப்பி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், வருடம் ஒரு கோடி பவுண்டு வரை சந்தா மாதிரிக் கொடுக்க ஏற்பாடு செய்தது.

மறுபக்கமும் உண்டு. சீனாவில் காப்புரிமைச் சட்டம் வந்தது 1985-ல், அங்கே து யூயூ என்ற விஞ்ஞானியின் குழுவினர் மலேரியா மருந்தான ஆர்டிமிசினினைப் பிரித்தெடுத்தது 1972-ல். இத்தாலியும் சுவிட்சர்லாந்தும் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை கொடுக்க ஆரம்பித்ததே 1970களின் கடைசியில், அதற்கு முன்பே சுவிஸ் மருந்துத் தொழில் உலகப் பெயர் எடுத்திருந்தது. இதை வைத்துக் காப்புரிமையே வேண்டாம் என்று துள்ளிக் குதிக்கவும் வேண்டாம். அவர்கள் தங்கள் மருந்துகளை வெளிநாடுகளில், காப்புரிமை உள்ள சந்தைகளிலும் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

தீர்ப்பை எழுதும் விதம்

ஒரு மருந்துக்கு ஒரு தீர்ப்பு எழுதாதீர்கள், குவியலுக்கு ஒன்று எழுதுங்கள். பெடாகுலினுக்கு என் தாளில் இருப்பதைக் காட்டுகிறேன்.

மூலக்கூறு: உதவியது. நிறுவனத்தின் சொந்த ஆய்வகத்தில் பிறந்தது, நாற்பது வருடமாக யாரும் புது வகை எதையும் கொண்டுவராத துறையில். ஆனால் இழுத்துவந்தது காப்புரிமை மட்டும்தானா என்பதற்குப் பக்கத்தில் கேள்விக்குறி. அனுமதியோடு அமெரிக்க அரசு ஒரு முன்னுரிமைப் பரிசீலனைச் சீட்டும் கொடுத்தது, வேறொரு மருந்தின் விண்ணப்பத்தை வேகமாகப் பார்க்க வைக்கும் சீட்டு. இந்த மாதிரிச் சீட்டு ஒன்று 2015-ல் 35 கோடி டாலருக்குக் கைமாறியது.

உருவம்: தடுத்திருக்கும். அதன் ஃபியூமரேட் உப்புக்குக் கேட்ட காப்புரிமை கிடைத்திருந்தால் இந்தியாவில் வேலி 2027 வரை நின்றிருக்கும். காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் எதிர்ப்பு மனு போட்டார்கள். 2023 மார்ச்சில் காப்புரிமை அலுவலகம் விண்ணப்பத்தை நிராகரித்தது. ஜூலையில் மூலக்காப்புரிமையும் முடிந்தது. செப்டம்பரில், மருந்தின் உரிமையாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன், 134 நாடுகளில் இந்த மருந்தின் மீதமுள்ள காப்புரிமைகளைக் காட்டி யாரையும் தடுக்கப்போவதில்லை என்று அறிவித்தது.

பயன்பாடு: இந்த வரியை எழுதத்தான் எனக்கு நேரம் பிடித்தது. பெடாகுலினை மற்ற மருந்துகளோடு சேர்த்து ஆறு மாதத்தில் முடிக்கும் சிகிச்சையை உலக சுகாதார நிறுவனம் 2022-ல் பரிந்துரைத்தது. அதற்கு முன் பலருக்கு ஒன்றரை வருடமும் அதற்கு மேலும் இழுத்தது. அந்தக் கூட்டைச் சோதித்துக் காட்டியவர்கள் பெரும்பாலும் எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும், காசநோய் மருந்துகளுக்கான லாபநோக்கற்ற டி.பி. அலையன்ஸும், பொதுப்பணமும். நோயாளிக்குப் பெரிய வித்தியாசம் இங்கேதான், காப்புரிமையின் பங்கு இங்கேதான் மிகக் குறைவு.

எழுதி முடித்ததும் தாளின் மூலையில் அன்றைய தேதியைப் போடுங்கள். ஆரஞ்சு புக்கில் நீக்கக் கோரிக்கை என்றே ஒரு கட்டம் இருக்கிறது, இன்று இருக்கும் எண் அடுத்த மாதம் இல்லாமல் போகலாம். என் பெடாகுலின் தாளில் நான்கு தேதிகள் இருக்கின்றன, உப்புக்கான வரியை மட்டும் மூன்று தடவை அழித்து எழுதியிருக்கிறேன். அந்த இடத்தில் தாள் மெலிந்து ஓட்டையாகப் பார்க்கிறது, பின்னால் ஒட்டுத்தாள் ஒட்டியிருக்கிறேன்.